லாயர் வச்சு அமெரிக்க சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்றது எப்படி

கிரீன் கார்டு வந்து அஞ்சு வருஷம் ஆகப்போகுது, சிட்டிசன்ஷிப்புக்குப் போடலாமா, லாயர் வேணுமா இல்ல நாமளே ஆன்லைன்ல போட்டுடலாமான்னு நம்ம ஆளுங்க நிறைய பேர் கேக்கறாங்க. சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷனான என்-400 ஃபார்மை ரொப்பறதுக்கு மட்டும்னா லாயர் தேவையில்ல, கொஞ்சம் பொறுமையா உக்காந்தா யார் வேணா ரொப்பிடலாம். லாயர் எதுக்குன்னா, உங்க ஃபைல்ல ஏதாவது சிக்கல் இருந்தா அதை யூஎஸ்சிஐஎஸ் (குடியேற்ற விண்ணப்பங்களைப் பாக்கற அரசு அமைப்பு) ஆபீஸர் கண்ணுல படறதுக்கு முன்னாடியே கண்டுபிடிக்கறதுக்கு. ஏன்னா இந்த அப்ளிகேஷன் போட்டாலே நீங்க முதல்ல மாணவரா வந்த விசாவுல இருந்து கிரீன் கார்டு எப்படி வந்துச்சுங்கிற வரைக்கும் மொத்த கதையையும் அவங்க திரும்பப் புரட்டிப் பாப்பாங்க, கிரீன் கார்டே தப்பா குடுத்துட்டோம்னு அவங்களுக்குத் தோணிச்சுன்னா சிட்டிசன்ஷிப் மறுக்கறதோட நிக்காது, இமிக்ரேஷன் கோர்ட்டுக்கு வரச்சொல்லி நோட்டீஸும் வரலாம். அதனால நல்ல லாயர்னா சில பேருக்கு "இப்போ போடாதீங்க, கிரீன் கார்டை மட்டும் ரின்யூ பண்ணுங்க"ன்னுதான் சொல்லுவார். அந்த ஒரு பதிலுக்காகவே அவருக்குக் கன்சல்டேஷன் ஃபீஸ் குடுக்கலாம்.

முதல்ல யார் போடலாம்னு பாத்துடுவோம். வயசு 18 ஆகியிருக்கணும், கிரீன் கார்டு கிடைச்சு 5 வருஷம் ஆகியிருக்கணும், அந்த 5 வருஷத்துல மொத்தமா கூட்டிப்பாத்தா குறைஞ்சது 30 மாசம் அமெரிக்காவுக்குள்ள இருந்திருக்கணும், இப்போ இருக்கற ஸ்டேட்ல 3 மாசமாவது குடியிருந்திருக்கணும். 5 வருஷம் முடியறதுக்கு 90 நாள் முன்னாடியே ஃபைல் பண்ணலாம், ஆனா 91 நாள் முன்னாடி போட்டா மறுத்துடுவாங்க, கட்டின ஃபீஸும் திரும்ப வராது. இதுக்கு அவங்க சைட்லயே ஒரு கால்குலேட்டர் இருக்கு, அதுல கிரீன் கார்டுல "ரெசிடன்ட் சின்ஸ்"னு போட்டிருக்கற தேதியைப் போட்டுப் பாருங்க, அதுக்கு மேல ரெண்டு மூணு நாள் சேத்தே விடுங்க, அவசரப்பட்டு ஒரு லாபமும் இல்ல.

அமெரிக்க சிட்டிசனைக் கல்யாணம் பண்ணினவங்களுக்கு 3 வருஷம் போதும், 18 மாசம் உள்ள இருந்தா போதும். இதுல நம்ம வீடுகள்ல வர்ற குழப்பம் என்னன்னா, வீட்டுக்காரர் போன வருஷம்தான் சிட்டிசன் ஆனார், மனைவிக்கு கிரீன் கார்டு வந்து மூணரை வருஷம் ஆச்சு, அப்போ இப்பவே போடலாம்லன்னு கேக்கறாங்க. போட முடியாது. அந்த 3 வருஷம் முழுக்க வீட்டுக்காரர் சிட்டிசனா இருந்திருக்கணும், ரெண்டு பேரும் ஒண்ணா குடித்தனம் பண்ணியிருக்கணும். வேலை மூலமா குடும்பத்துக்கே ஒரே நேரத்துல கிரீன் கார்டு வந்தவங்க எப்படியும் 5 வருஷக் கணக்குலதான் வருவாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி என்-400, தனித்தனி ஃபீஸ்.

இப்போ பயணக் கணக்கு. இதுலதான் நம்ம அப்பா அம்மாங்க அதிகமா மாட்டறாங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். பசங்க ஸ்பான்சர் பண்ணி அறுபது வயசுக்கு மேல கிரீன் கார்டுல வந்திருப்பாங்க, ஆனா மனசு பூரா ஊர்லதான், குளிர் ஆரம்பிச்சதும் கிளம்பிப் போய் பொங்கல் முடிச்சு, மாசி பங்குனியில குலதெய்வம் கோயில் பாத்து, மாம்பழம் சீசன் முடிஞ்சப்புறம்தான் வருவாங்க. ஒரே ட்ரிப்புல 6 மாசத்துக்கு மேல வெளிய இருந்தா தொடர்ச்சியா குடியிருந்தீங்கங்கிறது அறுந்துபோச்சுன்னு சட்டம் எடுத்துக்கும், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது நம்ம பொறுப்பு. இங்க வீடு இருந்துச்சு, டாக்ஸ் கட்டினோம், குடும்பம் இங்கதான் இருக்கு, அங்க வேலை எதுவும் பாக்கல, ஆஸ்பத்திரியில இருந்ததாலதான் லேட்டாச்சுன்னு பேப்பரோட காட்டணும். ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ வெளிய இருந்துட்டா நேரா அறுந்துடும், திரும்பி வந்த தேதியில இருந்து 4 வருஷம் 1 நாள் காத்திருந்துதான் போடணும், அப்பவும் கேள்வி வரும், 4 வருஷம் 6 மாசம் காத்திருந்தா அந்தக் கேள்வியே இல்ல. ரொம்ப நாள் வெளிய இருந்துட்டுத் திரும்பி வர்றதுக்கான ரீஎன்ட்ரி பெர்மிட் வாங்கிட்டுத்தானே போனோம்னு சொல்லுவாங்க, அது கிரீன் கார்டைக் காப்பாத்தத்தான் உதவும், சிட்டிசன்ஷிப் கணக்கைக் காப்பாத்தாது. இது தெரியாமலே வருஷக்கணக்கா போய் வந்துட்டு இருக்கற பெரியவங்க எத்தனையோ பேர். அதனால உங்க அப்பா அம்மா இப்பதான் கிரீன் கார்டுல வந்திருக்காங்கன்னா, சிட்டிசன்ஷிப் வேணுமா வேணாமான்னு இப்பவே பேசி முடிவு பண்ணுங்க, வேணும்னா ஒரு ட்ரிப் 6 மாசத்தைத் தாண்டக்கூடாதுன்னு டிக்கெட் போடும்போதே பாத்துக்கங்க.

சரி, லாயர் கண்டிப்பா வேணும்னு நான் சொல்ற கேஸ்கள் எதெதுன்னா, முதல்ல போலீஸ் சம்பந்தப்பட்ட எதுவா இருந்தாலும். கேஸ் தள்ளுபடி ஆச்சு, ரெக்கார்டையே அழிச்சாச்சுன்னு கோர்ட்ல சொன்னாலும் இந்த ஃபார்ம்ல சொல்லியே ஆகணும். சும்மா ஸ்பீடிங் டிக்கெட் வாங்கினதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம், ஆனா குடிச்சிட்டு வண்டி ஓட்டினது, வீட்டுல சண்டை வந்து பக்கத்து வீட்டுக்காரங்க 911 கூப்பிட்டு அரெஸ்ட் வரைக்கும் போனது, கடையில காசு குடுக்காம எடுத்துட்டாங்கன்னு வந்த கேஸ் இதெல்லாம் லாயர் பாக்காம ஃபைல் பண்ணவே கூடாது. டியூஐ, அதாவது குடிச்சிட்டு ஓட்டின கேஸ்ல கன்விக்‌ஷன் அந்த 5 வருஷத்துக்குள்ள ரெண்டு இருந்தா சிட்டிசன்ஷிப்புக்கு வேண்டிய நல்ல நடத்தை இல்லன்னே எடுத்துப்பாங்க. 2025 ஆகஸ்ட்ல இருந்து இந்த நல்ல நடத்தைங்கிறதை இன்னும் உன்னிப்பா பாக்கறாங்க, தப்பு எதுவும் பண்ணலங்கறது மட்டும் போதாது, சமூகத்துக்கு என்ன பண்ணினீங்க, குடும்பத்தை எப்படிப் பாத்துக்கிட்டீங்க, டாக்ஸ் ஒழுங்கா கட்டினீங்களான்னு எல்லாத்தையும் சேத்துப் பாக்கச் சொல்லி ஆபீஸர்களுக்கு உத்தரவு போயிருக்கு.

அடுத்தது ஓட்டு விவகாரம், இது பலருக்குத் தெரியவே தெரியாது. டிஎம்வியில லைசன்ஸ் எடுக்கப் போனப்ப வோட்டர் ரெஜிஸ்ட்ரேஷன் வேணுமான்னு கேட்ட இடத்துல யோசிக்காம ஆமான்னு டிக் பண்ணியிருப்பாங்க, வீட்டுக்குக் கார்டு வந்ததும் ஆர்வமா போய் ஓட்டும் போட்டிருப்பாங்க. சிட்டிசன் இல்லாதவங்க ஃபெடரல் எலெக்‌ஷன்ல ஓட்டுப் போடறது குற்றம், கிரீன் கார்டே போற அளவுக்குப் பெரிய விஷயம். வேலைக்குச் சேரும்போது ஐ-9 ஃபார்ம்ல சிட்டிசன்னு தப்பா டிக் பண்ணினதும் இந்த வகையிலதான் வரும். இப்படி ஏதாவது இருந்தா என்-400 பக்கமே போகாம முதல்ல லாயர்கிட்ட போங்க.

டாக்ஸ். ஊர்ல வீட்டு வாடகை வருது, பேங்க்ல எஃப்டி இருக்கு, அதுக்கு வட்டி வருது, இதையெல்லாம் இங்க ரிட்டர்ன்ல காட்டாம விட்டவங்க ரொம்ப பேர், இந்தியாவுலதான் டிடிஎஸ் பிடிச்சுட்டாங்களேன்னு நினைச்சுக்கறாங்க. கிரீன் கார்டு இருந்தா உலகத்துல எங்க வருமானம் வந்தாலும் இங்க காட்டணும், வெளிநாட்டு அக்கவுண்ட்ல எல்லாம் சேத்து வருஷத்துல என்னைக்காவது 10,000 டாலரைத் தாண்டினா எஃப்பார்ங்கிற வெளிநாட்டு அக்கவுண்ட் அறிக்கையும் ஃபைல் பண்ணணும். இதை இமிக்ரேஷன் லாயர் மட்டும் சரிபண்ண முடியாது, இங்கயும் ஊர்லயும் டாக்ஸ் தெரிஞ்ச ஆடிட்டரான சிபிஏகிட்டப் போய் பழைய ரிட்டர்னைத் திருத்திட்டு அப்புறம் வாங்க. இன்னொரு ஆபத்து, கிரீன் கார்டு வாங்கினப்புறம் டாக்ஸ் மிச்சமாகுதேன்னு நான்ரெசிடன்டா 1040என்ஆர் ஃபைல் பண்ணியிருந்தா நான் இங்க குடியிருக்கலன்னு நீங்களே எழுதிக்குடுத்த மாதிரி, ஃபார்ம்ல அதுக்குன்னே ஒரு கேள்வி இருக்கு. டாக்ஸ் பாக்கி இருக்கறவங்க டாக்ஸ் டிபார்ட்மென்டான ஐஆர்எஸ்கூட தவணைத் திட்டம் போட்டு ஒழுங்கா கட்டிட்டு வந்தா, அந்தப் பேப்பரை வச்சுக்கிட்டு போடலாம்.

ஸ்பான்சர் பண்ணின கம்பெனியில கிரீன் கார்டு வந்த கையோட வேலையை விட்டவங்க, கல்யாணத்து மூலமா வந்து அப்புறம் டைவர்ஸ் ஆனவங்க, கல்யாணத்து மூலமா வந்த கிரீன் கார்டுல இருக்கற கண்டிஷன் எடுக்கற ஐ-751 ஃபார்ம் இன்னும் பெண்டிங்ல இருக்கறவங்க, இவங்களும் ஒருதடவை லாயரைப் பாத்துடறது நல்லது. கட்சி விஷயமும் இருக்கு. கம்யூனிஸ்ட் கட்சியில எப்பவாவது மெம்பரா இருந்தீங்களான்னு ஃபார்ம் கேக்குது. நம்ம ஊர்ல அது தேர்தல்ல நிக்கற சாதாரணக் கட்சி, ரிட்டயர்டு ஆன பெரியவங்க சில பேர் இளவயசுல கார்டு ஹோல்டரா இருந்திருப்பாங்க, சட்டப்படி ஃபைல் பண்றதுக்கு முந்தின 10 வருஷம்தான் தடைக்குக் கணக்கு, ஆனா கேள்வி வாழ்நாள் பூராவுக்கும். பொய் சொல்லக்கூடாது, எப்படி விளக்கி எழுதணும்னு லாயர் சொல்லுவார். தொழிற்சங்கத்துல மட்டும் இருந்தவங்க சங்கம் வேற கட்சி வேறன்னு தெளிவா சொல்லத் தெரிஞ்சுக்கணும்.

ஈழத்துல இருந்து வந்தவங்களுக்குத் தனியா சொல்லணும். விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997லயே பயங்கரவாத அமைப்புப் பட்டியல்ல சேத்துடுச்சு. அங்க இருந்தப்ப கட்டாயத்துல வரி குடுத்தது, சாப்பாடு குடுத்தது, பயிற்சிக்கு இழுத்துட்டுப் போனது இதெல்லாம்கூட பயங்கரவாத அமைப்புக்குப் பண்ணின உதவி, அதாவது மெட்டீரியல் சப்போர்ட்னு இவங்க சட்டத்துல வந்துடும். அசைலம் கேஸ்ல அன்னைக்கு என்ன சொன்னீங்களோ அது அவங்க ஃபைல்ல அப்படியே இருக்கும், இன்னைக்கு என்-400ல ஒரு வரி மாறினாலும் அதைப் புடிச்சுப்பாங்க. அதனால முன்னாடி கேஸ் நடத்தின லாயர்கிட்ட இருந்து பழைய பேப்பரை வாங்குங்க, கிடைக்கலன்னா எஃப்ஓஐஏங்கிற தகவல் கேக்கற விண்ணப்பம் போட்டு, அரசு உங்களைப் பத்தி வச்சிருக்கற குடியேற்ற ஃபைலான ஏ-ஃபைலோட காப்பியை எடுத்து, அதை முழுசா படிச்ச ஒரு லாயர் சொன்னப்புறம் மட்டும் ஃபைல் பண்ணுங்க. இவ்வளவு கஷ்டத்தைத் தாண்டி வந்தவங்க ஒரு வரியில மாட்டக்கூடாதுங்கிற ஆதங்கத்துலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

லாயரை எப்படிப் பிடிக்கறது? இமிக்ரேஷன் ஃபெடரல் சட்டம், அதனால எந்த ஸ்டேட்ல லைசன்ஸ் இருந்தாலும் உங்களுக்கு ஆஜராகலாம், டெக்சாஸ்ல இருக்கற லாயர் நியூ ஜெர்சி கேஸைப் பாக்கலாம். பேரை வாங்கினதும் அவர் லைசன்ஸ் வாங்கின ஸ்டேட்டோட பார் (லாயர்களை ஒழுங்குபடுத்தற அமைப்பு) சைட்ல போய் லைசன்ஸ் ஆக்டிவா இருக்கா, நடவடிக்கை எதுவும் இருக்கான்னு பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. இமிக்ரேஷன் லாயர்கள் சங்கமான ஏஐஎல்ஏவோட சைட்லயும் தேடலாம். காசு கம்மியா இருக்கறவங்க நீதித்துறை அங்கீகாரம் குடுத்த லாப நோக்கமில்லாத அமைப்புகளைப் பாருங்க, அங்க இருக்கற, அனுமதி வாங்கின பிரதிநிதியான அக்ரெடிட்டட் ரெப்பும் சட்டப்படி உங்களுக்காக ஆஜராகலாம், ஃபீஸ் ரொம்பக் கம்மி, சில இடத்துல இலவசம். ஆனா மளிகைக் கடைக்குப் பக்கத்துல டாக்ஸ், டிராவல், இமிக்ரேஷன் எல்லாம் பண்றோம்னு போர்டு போட்டிருக்கறவங்ககிட்ட போகாதீங்க. நம்ம பாஷையில அன்பாத்தான் பேசுவாங்க, ஆனா சட்ட ஆலோசனை சொல்ல அவங்களுக்கு உரிமை கிடையாது, தப்பாச்சுன்னா ஃபார்ம்ல கையெழுத்து உங்களோடது.

முதல் மீட்டிங்குக்குப் போகும்போது நல்லதை மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க. கிரீன் கார்டு, எல்லா பாஸ்போர்ட்டும், கிரீன் கார்டுக்குப் போட்டப்ப குடுத்த பேப்பர் முழுசும், டாக்ஸ் ட்ரான்ஸ்கிரிப்ட், கோர்ட் பேப்பர் இருந்தா அது, இதெல்லாம் வச்சுக்கிட்டு, மறைச்சு வச்சிருக்கற விஷயத்தையும் சொல்லிடுங்க. லாயர்கிட்ட சொல்றது வெளிய போகாது, அதுக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கு. ஆனா கூட மச்சானையோ ஃப்ரெண்டையோ உக்கார வச்சுக்கிட்டுப் பேசினா அந்தப் பாதுகாப்பு போயிடலாம், அதனால கஷ்டமான விஷயம்னா தனியா பேசுங்க. கம்பெனி லாயர்தானே எனக்கு கிரீன் கார்டு வாங்கிக்குடுத்தார், அவரே பாத்துப்பார்னு நினைக்கறவங்களுக்கு, அவர் கம்பெனி நலனையும் பாக்கவேண்டிய ஆளு, சிட்டிசன்ஷிப் உங்க சொந்த விஷயம், தனியா ஒப்பந்தம் போட்டுக்கங்க.

அந்த ஒப்பந்தத்துல என்னெல்லாம் சேருதுன்னு படிங்க. சாதாரண கேஸுக்கு பெரும்பாலும் ஃப்ளாட் ஃபீஸ்தான் சொல்லுவாங்க, ஆனா அதுல இன்டர்வியூவுக்குக் கூட வர்றது சேருமா, கூடுதல் பேப்பர் கேட்டு லெட்டர் வந்தா அதுக்குப் பதில் எழுதறது சேருமா, மறுத்துட்டா என்-336 அப்பீலுக்கு எவ்வளவு, ஃபார்மை எழுதறது லாயரா அவரோட உதவியாளரான பாராலீகலா, கடைசியா லாயர் படிச்சுப் பாப்பாரா, இதையெல்லாம் அங்கயே கேட்டு எழுத்துல வாங்குங்க. கண்டிப்பா கிடைக்கும்னு கேரண்டி குடுக்கற லாயர் வேண்டவே வேண்டாம். சேர்ந்ததும் அவர் உங்களுக்காக ஆஜராகறதுக்கான ஜி-28 ஃபார்ம்ல கையெழுத்து வாங்குவாங்க, அதுக்கப்புறம் நோட்டீஸ் எல்லாம் அவருக்கும் போகும். உங்க அட்ரஸ் மாறினா 10 நாளுக்குள்ள யூஎஸ்சிஐஎஸ்க்குச் சொல்லணும், லாயர் பாத்துப்பார்னு விட்டுடாதீங்க.

பேப்பர் சேக்கறதுல ரெண்டு இடம் நம்மளுக்கு இடிக்கும். ஒண்ணு ட்ரிப் லிஸ்ட். கடந்த 5 வருஷத்துல 24 மணி நேரத்துக்கு மேல வெளிய போன எல்லாத்தையும் எழுதணும், கனடா பக்கம் நயாகரா பாக்கப்போய் ராத்திரி தங்கினதும் சேத்து. அமெரிக்காவுக்கு வந்து போன பதிவான ஐ-94 சைட்ல பயண வரலாறு எடுக்கலாம், ஆனா அதுல விட்டுப்போறது உண்டு, அதனால பாஸ்போர்ட் முத்திரை, டிக்கெட் ஈமெயில் மூணையும் வச்சு ஒத்துப் பாருங்க. நாள் எண்ணும்போது கிளம்பின நாளும் திரும்பி வந்த நாளும் அமெரிக்காவுல இருந்ததாத்தான் கணக்கு.

இன்னொண்ணு பேரு. நம்ம பாஸ்போர்ட்ல சில பேருக்கு சர்நேமே இருக்காது, சில பேருக்கு மொத்தப் பேரும் சர்நேம் கட்டத்துல ஏறியிருக்கும், அப்புறம் விசாவுல எஃப்என்யூன்னு (முதல் பேர் தெரியாதுன்னு அர்த்தம்) விழுந்து, லைசன்ஸ்லயும் பேங்க்லயும் அதுவே முதல் பேரா போய் உக்காந்திருக்கும். இன்ஷியல் ஒரு இடத்துல விரிச்சும் ஒரு இடத்துல சுருக்கியும் இருக்கும். இதுவரைக்கும் எந்தப் பேப்பர்ல எப்படியெல்லாம் பேர் வந்துச்சோ அத்தனையும் வேற பேர்கள்ங்கிற இடத்துல எழுதுங்க. இந்த சிக்கலைத் தீத்துக்க இதுவே நல்ல சந்தர்ப்பம், என்-400லயே பேர் மாத்தக் கேக்கலாம், தனி ஃபீஸ் இல்ல, ஆனா அப்போ கடைசியா உறுதிமொழி எடுக்கற ஓத் செரிமனி ஜட்ஜ் முன்னாடி கோர்ட்ல நடக்கணும், சில ஊர்ல அதுக்குக் கூடுதலா காத்திருக்க வேண்டி வரும். ஊர்ல சொத்து, பேங்க் எல்லாம் பழைய பேர்ல இருக்குன்னா பேர் மாத்தின பேப்பரைப் பத்திரமா வச்சுக்கங்க, பின்னாடி பத்திர ஆபீஸ்ல கேப்பாங்க.

லாயர் ஆபீஸ் ஃபார்மை ரெடி பண்ணி அனுப்பினதும், கையெழுத்து எங்கன்னு தேடாம ஒவ்வொரு வரியா படிங்க. பொய்ன்னா தண்டனைக்குட்பட்டு உறுதி சொல்றேன்னுதான் கையெழுத்துப் போடறீங்க. எப்பவாவதுன்னு ஆரம்பிக்கற கேள்விகளைப் பாராலீகல் மொத்தமா இல்லன்னு டிக் பண்ணி அனுப்பறது நடக்கற விஷயம், அதை நிறுத்தி நிறுத்திப் படிங்க. ஃபீஸ் 2024 ஏப்ரல்ல இருந்து ஆன்லைன்ல 710 டாலர், பேப்பர்ல 760. குடும்ப வருமானம் அரசு வச்சிருக்கற வறுமைக்கோட்டு அளவுல 400 சதவீதத்துக்குள்ள இருந்தா 380தான், பெரியவங்க தனியா இருந்தா இதுக்குத் தகுதி இருக்கான்னு லாயர்கிட்ட கேளுங்க. ஃபைல் பண்ணினதும் வர்ற ரசீதைப் பத்திரப்படுத்துங்க, கிரீன் கார்டு காலாவதி ஆகப்போகுதுன்னா அந்த ரசீதே கார்டை 24 மாசம் நீட்டிக் குடுக்கும். அப்புறம் பயோமெட்ரிக்ஸ், அப்புறம் காத்திருப்பு. காத்திருக்கற நேரத்துல ஊருக்குப் போலாம், நீண்ட ட்ரிப் மட்டும் வேண்டாம்.

டெஸ்ட் மாறியிருக்கு, பழைய வீடியோ பாத்துப் படிக்காதீங்க. 2025 அக்டோபர் 20ல இருந்து ஃபைல் பண்ணினவங்களுக்கு 128 கேள்வி லிஸ்ட், அதுல 20 வரைக்கும் கேப்பாங்க, 12 சரியா சொல்லணும். அதுக்கு முன்னாடி போட்டவங்களுக்குப் பழைய 100 கேள்வி, 10ல 6. ஆங்கிலத்துல ஒரு வரி படிக்கணும், ஒரு வரி எழுதணும், ஒவ்வொண்ணுக்கும் 3 வாய்ப்பு. ஐடியில வேலை பாக்கறவங்களுக்கு ஒரு வாரம் படிச்சா போதும். பெரியவங்க கதை வேற. 50 வயசுக்கு மேல கிரீன் கார்டுல 20 வருஷம், இல்ல 55க்கு மேல 15 வருஷம் இருந்தவங்களுக்கு ஆங்கில டெஸ்ட் கிடையாது, தமிழ்லயே பதில் சொல்லலாம், துபாஷியை நாமதான் கூட்டிட்டுப் போகணும், லாயரே துபாஷியாவும் இருக்க முடியாது. 65க்கு மேல 20 வருஷம் ஆனவங்களுக்கு 20 கேள்வி மட்டும் படிச்சா போதும். அறுபதுல வந்த அம்மாவுக்கு 5 வருஷத்துல போடும்போது இந்தச் சலுகை எதுவும் வராது, ஆங்கிலத்துலதான். மறதி நோய் மாதிரி நிஜமான உடல்நலக் காரணம் இருந்தா டெஸ்ட்ல விலக்கு கேக்கற என்-648 ஃபார்மை டாக்டர் எழுதிக்குடுக்கணும், சும்மா வயசாச்சுன்னு எழுதினா ஏத்துக்க மாட்டாங்க, அந்த நோயால ஏன் படிக்க முடியலன்னு விளக்கமா இருக்கணும், அதை லாயர் படிச்சுப் பாத்தப்புறம்தான் குடுக்கணும்.

எங்க அம்மாவைத் தயார் பண்ணினப்ப கவனிச்சது, செனட்டர் எத்தனை பேர்னா 100, அமெண்ட்மென்ட் 27னு டக்டக்னு சொல்லிட்டாங்க, தடுமாறினது ஃபார்ம்ல இருக்கற எப்பவாவது கேள்விகள்லதான். ஆபீஸர் டெஸ்டோட விடறதில்ல, பெர்சிக்யூட்னா என்ன, ஓத்னா என்ன, உங்க வார்த்தையில சொல்லுங்கன்னு கேப்பாங்க, புரியாம நோ நோன்னு சொல்லிட்டே போனா ஆங்கிலம் தெரியலன்னு எழுதிடுவாங்க. அதனால சமைக்கும்போதே ஒவ்வொரு சொல்லுக்கும் சின்ன சின்ன ஆங்கிலத்துல அர்த்தம் சொல்லிப் பழக்கினோம், பெர்சிக்யூட்னா "ஹர்ட் பீப்பிள் பிகாஸ் ஆஃப் ரிலிஜன்", அவ்வளவுதான், அது போதும். புரியலன்னா "ப்ளீஸ் ரிப்பீட்"னு கேக்கறதையும் பழக்குங்க, நம்ம பெரியவங்க ஆபீஸர்கிட்ட திருப்பிக் கேக்கறது மரியாதை இல்லன்னு நினைச்சுத் தலையாட்டிடுவாங்க.

இன்டர்வியூவுல லாயர் பக்கத்துல உக்காரலாம், உங்களுக்குப் பதிலா பேச முடியாது. ஆனா ஆபீஸர் கேள்வியைத் தப்பா கேட்டாலோ, சட்டத்தைத் தப்பா புரிஞ்சுக்கிட்டாலோ எடுத்துச் சொல்லலாம், கேட்ட பேப்பரை அங்கயே எடுத்துக் குடுக்கலாம். ஃபார்ம் போட்டதுக்கு அப்புறம் போன ட்ரிப், மாறின வேலை, வாங்கின டிராஃபிக் டிக்கெட் எல்லாம் முதல் நாளே லாயர்கிட்ட சொல்லி லிஸ்ட் எடுத்துட்டுப் போங்க. முடிஞ்சதும் என்-652னு ஒரு தாள் குடுப்பாங்க, பாஸா, இன்னும் பாக்கணுமான்னு அதுல இருக்கும். டெஸ்ட்ல தவறினா 60ல இருந்து 90 நாளுக்குள்ள தவறின பகுதிக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு. மறுத்துட்டா 30 நாளுக்குள்ள என்-336 போடணும், இந்தக் கெடு தவறக்கூடாது. இன்டர்வியூ முடிஞ்சு 120 நாள் ஆகியும் முடிவே சொல்லலன்னா ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்ல வழக்குப் போடற உரிமை இருக்கு, லாயர் இல்லாம அதுல இறங்காதீங்க.

வீட்டுல 18 ஆகப்போற பிள்ளை இருந்தா இதைக் கவனிங்க. கிரீன் கார்டு இருந்து, அப்பாவோ அம்மாவோ சிட்டிசன் ஆகும்போது 18க்குள்ள இருந்து, அவங்க பொறுப்புல அவங்ககூட இருந்தா பிள்ளைக்குத் தானாவே சிட்டிசன்ஷிப் வந்துடும். கணக்கு ஃபைல் பண்ணின தேதி இல்ல, ஓத் எடுத்த தேதி. பிள்ளைக்கு 17 நடக்குதுன்னா தகுதி வந்த அன்னைக்கே ஃபைல் பண்ணி, பேர் மாத்தறது மாதிரி தாமதமாக்கற எதையும் சேக்காம, லாயரை விட்டு சீக்கிரம் பண்ணச் சொல்லிக் கேக்க வைங்க.

ஓத் அன்னைக்கு கிரீன் கார்டைத் திருப்பி வாங்கிப்பாங்க, கையில சர்டிஃபிகேட் குடுப்பாங்க, அங்கயே பேர், பொறந்த தேதி சரியான்னு பாத்துடுங்க. அந்த ஒரிஜினலை அனுப்பித்தான் அமெரிக்க பாஸ்போர்ட்டுக்குப் போடணும், அதனால அது வர்ற வரைக்கும் வெளிநாட்டுப் பயணம் இல்லன்னு வச்சுக்கங்க. இந்தியா இரட்டைக் குடியுரிமை குடுக்கறதில்ல, ஓத் எடுத்த நிமிஷமே இந்தியக் குடியுரிமை போயிடும், அதுக்கப்புறம் இந்திய பாஸ்போர்ட்ல பயணம் பண்றது குற்றம், அபராதமும் வரும். இந்தியத் தூதரகத்துக்கான விண்ணப்பங்களை வாங்கற விஎஃப்எஸ் மூலமா இந்திய பாஸ்போர்ட்டை சரண்டர் பண்ணி சர்டிஃபிகேட் வாங்கிட்டு, இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான கார்டான ஓசிஐக்குப் போடணும், அவசரம்னா இ-விசால போய் வரலாம். ஓசிஐ வச்சுக்கிட்டு ஊர்ல வீடு வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது, பரம்பரையா வர்ற நிலத்தை வச்சுக்கலாம். அதனால வயக்காடு ஏதாவது வாங்கற எண்ணம் இருந்தா ஓத்துக்கு முன்னாடியே ஊர் வக்கீல்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. இலங்கைக்காரங்களுக்கு அங்க இரட்டைக் குடியுரிமைக்கு வழி இருக்கு, ஆனா அதுக்குத் தனியா விண்ணப்பம் போடணும், எப்ப போடணும்னு தூதரகத்துல முதல்லயே கேளுங்க. பாஸ்போர்ட் வந்ததும் சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ்ல போய் ஸ்டேட்டஸை மாத்துங்க, ஊர் பேங்க்ல கேஒய்சி அப்டேட் பண்ணுங்க, அங்க வோட்டர் லிஸ்ட்ல பேர் இருந்தா எடுக்கச் சொல்லி எழுதிக் குடுங்க, லாயர்கிட்ட இருந்து உங்க ஃபைலோட முழு காப்பியையும் கேட்டு வாங்கி வீட்டுல வைங்க.